செக்றோல்ல பேரில்லாத ஆளு

யூரியா மூட்டையத் தோள்ல போட்டுக்கிட்டு எங்க கெளம்பிட்ட மருமகனே? மலைக்கா? நல்ல நேரம் பாத்த போ! தெல்தோட்டைப் பக்கம் மேகம் கறுத்துக்கிட்டு நிக்குது. இப்ப வீசினாத்தான் ஓடையும் பசியாறும்.

கிட்ட வா, தொழில் ரகசியம் ஒண்ணு சொல்றேன். ஆத்தக் கெடுக்கணும்னா குழாய் வைக்கவே கூடாது. குழாய் வெச்சவன் மாட்டுவான். கொஹாகொட குப்பைமேட்டப் பாரு. மகாவலிக் கரையிலயே கெடக்கா, கண்டியில எவன் தண்ணியப் பத்திப் பேசினாலும் மொத வெரலு அங்கதான் நீளுது. நம்ம கலஹாவ எவனாச்சும் காட்டியிருக்கானா? மாட்டான். நாமதான் மழைய வேலைக்கு வெச்சிருக்கோமே! அதுக்குச் செக்றோல்ல பேரில்ல, ஈபிஎஃப் இல்ல, நாள் சம்பளம் கேட்டு சங்கத்துக்கும் போகாது. ராத்திரியோட ராத்திரியா மலையக் கழுவி ஓடையில எறக்கிரும். ஒன் உரம், எதுத்த வீட்டுப் போஞ்சிப் பாத்தியோட கோழி எரு, தோட்டத்துல அடிச்ச புல்லு மருந்து, லயத்துக் கக்கூசு, டவுன் கராஜ் எண்ணெய், எல்லாம் சேந்து எறங்கினப்புறம் எது எவன் வீட்டுதுன்னு மகாவலிக்கே தெரியாது. போலீசுக்கு எப்பிடித் தெரியும்?

இது பரம்பரைத் தொழில்டா. பக்கத்துல லூல்கந்துரயில 1867ல டெய்லர் தொரை 19 ஏக்கர்ல தேயிலை வெச்சாரு. அதுக்கு முன்னாடியே கோப்பிக்காரங்க காட்ட மொட்டையடிச்சாச்சு. ஆனா பின்னால வந்த தொரைமாருக்கு ஒரு கணக்குத் தெரிஞ்சிருந்துச்சு. சரிவுக்குக் குறுக்கால கான் வெட்டுவாங்க, கானுக்குள்ள எடைக்கெட மண்ணுக்கட்டு விடுவாங்க. தண்ணி தயங்கித் தயங்கிப் போகும், மண்ணு அங்கயே படியும். 1951ல மண் பாதுகாப்புச் சட்டமே வந்துச்சு. என்ன, மழைக்குச் சம்மன் அனுப்பத்தான் வழியில்ல. இப்பக் கான் வெட்ட ஆளுமில்ல. நீ வேற சொரண்டியால புல்ல வழிச்சு, தரைய மாப்பிள்ளை மொகம் மாதிரி வெச்சிருக்க.

யூரியா தண்ணியில கரைஞ்சு ஓடும். பொஸ்பேட்டு அப்பிடியில்ல, மண்ணக் கட்டிப் புடிச்சிக்கிட்டு டிக்கட் இல்லாம சவாரி போகும். ரெண்டும் தேங்குன தண்ணியில போய்ச் சேந்தா பாசிக்குக் கல்யாணச் சாப்பாடு. 1991ல கொத்மலைத் தேக்கத்துல பச்சையா படர்ந்துச்சே, நுவரெலியாப் பக்கத்து மரக்கறித் தோட்டமும் தேயிலை மலையும் சேந்து வெச்ச விருந்து அது. 1999ல கண்டி வாவியிலயும் அதே கூத்து. அந்தச் சாதிப் பாசி ஈரலப் பதம் பாக்கற விஷத்தையும் விடுமாம். கண்டிக்காரங்க பாடு, நமக்கென்ன? ஆமா, ஒன் சின்னவ அங்க ஹாஸ்டல்லதான இருக்கா? குழாய்த் தண்ணியக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லு. காய்ச்சினா உரம் போகாதுதான், ஆனாலும் சொல்லி வையி, அப்பன் கடமை.

மொறைக்காத. உரத்தையே விட்டுருன்னா சொன்னேன்? 2021ல ரசாயன உரத்த ஒரே அடியா நிப்பாட்டிப் பாத்தாங்களே, ஆறு சுத்தமாகறதுக்குள்ள அடுப்பு சுத்தமாயிருச்சு. அந்த வருசமே வாபஸ். புல்லு மருந்தும் அப்பிடித்தான், 2015ல கிளைபோசேட்டுக்குத் தடை, 2018ல தேயிலைக்கும் ரப்பருக்கும் வெலக்கு. கொழும்புல உத்தரவு போடறவன் நம்ம சரிவுல ஒரு நாளு ஏறி எறங்கினா தேவலை.

மூட்டைய எறக்கி வையி. மழை விட்டு மண்ணு ஈரமா இருக்கறப்ப, கொஞ்சங் கொஞ்சமாப் பிரிச்சு, செடி அடியில போடு. ஓடை ஓரத்துல ரெண்டு வரிசை மானாப்புல்லு நடு. அந்தக் கான் மூடிக் கெடக்கே, மம்பட்டி என் வீட்டுத் திண்ணையில இருக்கு, எடுத்துக்க. வாடகை வேணாம். ஆனா அள்ளுற சேத்த ஒன் தேயிலைக்கே திருப்பிப் போட்டுரு, அது அம்புட்டும் ஒன் மேல்மண்ணு. விட்டா அடுத்த மழைக்கு விக்டோரியா அணைக்காரன் வாங்கிக்குவான். அவன் காசு தரமாட்டான்.