அறையைப் பார்த்துட்டுத்தான் காசு

யோங் பெங்கைப் பார்க்காத மலேசியத் தமிழர் குறைவு. அங்கே ஓர் இரவு தங்கியவர் அதைவிடக் குறைவு. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுதாகத் திறக்கும்வரை, கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய வண்டிகள் முதலாம் எண் கூட்டரசுச் சாலையில் இந்த ஊருக்குள் நுழைந்துதான் போயாக வேண்டியிருந்தது. ஒரு கோப்பி, ஒரு தட்டு மீ, கழிவறைக்குச் சில்லறை, போகிற வீட்டுக்கு ஒரு பொட்டலம் பிஸ்கட். ஓட்டுநர் ஹாரன் அடிப்பார், கடை காலியாகும். அடுத்த பேருந்து வந்து நிற்கும். நெடுஞ்சாலை வந்த பிறகும் அதைவிட்டு இறங்கி வந்து இளைப்பாறிப் போகிற பேருந்துகள் உண்டு.

அடுத்தவர் வந்து போவதையே வாழ்நாளெல்லாம் பார்த்த ஊர்க்காரர், தான் ஒரு நாள் விருந்தாளியாகப் போய்த் தங்க நேர்ந்தால் என்ன ஆவார்? சுகாதாரப் பரிசோதகர் ஆவார். அவரைப் பெரியப்பா என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் வீட்டில் அவர் மாமாவாகவோ, சித்தப்பாவாகவோ, சில வீடுகளில் அத்தையாகவோகூட இருக்கலாம். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடி, காற்சட்டைப் பையில் டெஸ்டர். தங்கும் விடுதிக்குப் போகும்போது டெஸ்டர் எதற்கு என்று கேட்பவர்கள் அவரோடு பயணம் செய்யாதவர்கள்.

அவர் தங்கப் போகும் ஊர் எப்போதும் மலாக்காதான். நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. பாகோ, தங்காக், ஜாசின் தாண்டினால் ஆயர் குரோ, அங்கே இறங்கிவிடலாம். காலையில் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடக்கூடிய தூரம். பெரியம்மா வருடா வருடம் இதை எடுத்துச் சொல்வார். "பேரன் ஹோட்டல்ல தூங்கணும்னு ஆசைப்படுறாம்மா" என்று பெரியப்பா வாயடைத்துவிடுவார். பேரன் ஆசைப்பட்டது நீச்சல் குளத்துக்கு. பெரியப்பா பார்க்கிற விலையில் குளியலறையில் வாளி இருந்தாலே அதிகம்.

விலை விஷயத்தில் அவருக்கு ஒரு பொற்காலம் இருந்தது. 2014 முதல் ஜோகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். மலாக்காவில் சனியும் ஞாயிறும். ஜோங்கர் வீதியின் இரவுச் சந்தை வெள்ளி தொடங்கி ஞாயிறுவரை நடக்கும்; அந்த வட்டாரத்து விடுதிகளில் வெள்ளிக்கிழமை வந்தால் வெள்ளியும் கூடும். பெரியப்பா வியாழன் மதியம் பேரனுக்குப் பள்ளி விட்டதும் காடியை எடுப்பார். வியாழன் இரவு வார நாள் விலையில் தூக்கம். வெள்ளி முழுக்கச் சுற்றல். சந்தை விளக்கு எரிந்ததும் ஒரு நடை பார்த்துவிட்டு, விலை ஏறிய கட்டிலில் படுக்காமல் யோங் பெங் திரும்பிவிடுவார். 2025 ஜனவரி 1 முதல் ஜோகூரும் சனி, ஞாயிறுக்கே திரும்பிவிட்டது. அந்த மாற்றத்துக்கு ஆயிரம் நியாயம் இருக்கலாம். தன் அறை வாடகையைக் குறிவைத்துச் செய்த வேலை என்றே பெரியப்பா இன்றுவரை நம்புகிறார்.

முகப்பில் அவர் முதலில் அடையாளக் கார்டை நீட்ட மாட்டார். "அடிக், பீலேக் தெங்கோக் டுலு" என்பார். அறையைப் பார்க்காமல் ஐ.சி.யும் வராது, காசும் வராது. முகப்பில் இருக்கிற சீனப் பெண்ணுக்கு அவர் பேரப்பிள்ளை வயதிலிருந்து இரண்டு மூன்று வயது கூட இருக்கும். கட்டணப் பட்டியலைக் காட்டுவாள். அறை வாடகைக்குக் கீழே பாரம்பரியக் கட்டணம் என்று ஒரு வரி. "பாரம்பரியத்துக்கு நான் ஏன் கட்டணும்? என்னையப் பார்த்தா எப்படித் தெரியுது?" அந்தப் பெண் பொறுமையாக இன்னொரு வரியைக் காட்டுவாள். வெளிநாட்டுக்காரர்களுக்கு அறைக்கு ஓர் இரவுக்குப் பத்து வெள்ளி சுற்றுலா வரி, அது 2017 முதல் இருக்கிறது, அங்கிள் உள்ளூர், அங்கிளுக்கு இல்லை. பெரியப்பாவின் முகம் மலரும். கட்டவே வேண்டியிராத பத்து வெள்ளியைத் தன் வாய் சாமர்த்தியத்தால் மிச்சம் பிடித்ததாக அன்று மாலைக்குள் குடும்பம் முழுவதும் செய்தி பரவிவிடும்.

இதெல்லாம் நடக்கிறபோது காடிக்குள் இன்னும் மூன்று பேர் காத்திருப்பார்கள். அறை நான்கு பேருக்கு. வந்திருப்பவர்கள் ஏழு. அவர்கள் தவணை முறையில் உள்ளே வருவார்கள். கடைசித் தவணையில் வருபவர் அரிசிப் பானையைத் துணியில் சுற்றித் தூக்கி வருவார்.

இனி பரிசோதனை. பெரியப்பா கட்டிலைக் கடைசியில்தான் பார்ப்பார். முதலில் கழிவறை. பேருந்து பேருந்தாக மனிதர்கள் இறங்கி எந்தப் பக்கம் ஓடுவார்கள் என்று கண்டு வளர்ந்தவர் அவர். ஒரு கடையின் யோக்கியதை பின்பக்கத்தில் தெரியும் என்பது அவர் கட்சி. தண்ணீர்த் தொட்டியை ஒரு முறை இழுத்துவிட்டு, நிறைய எத்தனை நேரம் ஆகிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அடுத்தது குழாய். அப்புறம் ஏர்கான், சுவர்ப் பிளக்கில் டெஸ்டர், தலையணையில் மூக்கு. எல்லாம் முடிந்து, காற்றோட்டம் பார்க்க ஜன்னல் திரையை விலக்குவார்.

திரைக்குப் பின்னால் சுவர் இருக்கும்.

இந்த இடத்தில் மற்ற விருந்தாளிகள் கோபப்படுவார்கள். பெரியப்பா கோபப்பட மாட்டார். சுவரை விரலால் தட்டிப் பார்ப்பார். 'டொக் டொக்' என்று பிளைவுட் பேசும். "இது கடைவீடும்மா" என்று பெரியம்மாவிடம் திருப்தியாகச் சொல்வார். மலாக்காவின் பழைய வீதிகளில் கடைவீடுகளுக்கு வாசல் குறுகல், நீளம் முடிவில்லாதது. முன்னால் ஐந்தடி நடைபாதை, அதாவது காக்கி லீமா, பின்னால் சந்து, இரண்டு பக்கமும் அண்டை வீட்டோடு ஒட்டிய சுவர். வெளிச்சமும் காற்றும் மழையும் நடுவில் திறந்திருக்கிற முற்றத்தின் வழியாகத்தான் வர வேண்டும். ஒரு குடும்பம் வாழ்வதற்கு அது மிக நல்ல ஏற்பாடு. அதே வீட்டைப் பலகையால் தடுத்துப் பத்துப் பன்னிரண்டு அறை ஆக்கினால், முன்னால் இருக்கிற இரண்டு அறைக்கு வீதி கிடைக்கும், முற்றத்தை ஒட்டியவற்றுக்கு வானம் கிடைக்கும், மற்றவற்றுக்குத் திரைச்சீலை கிடைக்கும்.

பெரியப்பாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், அவர் இதில் குடியிருந்தவர். தோட்டத்து லயத்தில் பிறந்து, கல்யாணமான புதிதில் யோங் பெங்கில் ஒரு மளிகைக்கடை மாடியில் அறை எடுத்தார். ஏணி என்று சொல்லத்தக்க படிக்கட்டு, நடந்தால் கீழ்வீட்டுக்குத் தூசி விழும் பலகைத் தரை, மாடிக்கெல்லாம் பொதுவாக ஒரே குளியலறை. அதிலிருந்து தப்பித்துத் தாமானில் ஒரு வீடு வாங்க வங்கிக்கு இருபத்தைந்து வருடம் கட்டினார். இப்போது அதே படிக்கட்டில் மூட்டு வலியோடு ஏறி, அதே பலகைத் தரையில் நடந்து, "அப்போ மாச வாடகை கேட்டான், இப்போ அதைவிட அதிகமா ஒரு ராத்திரிக்குக் கேக்குறான்" என்கிறார். அவர் குரலில் அங்கலாய்ப்போடு கொஞ்சம் பெருமையும் கலந்திருக்கும். அந்தக் கட்டடத்தில் தங்கியிருக்கிற பிரெஞ்சுக்காரர், ஆஸ்திரேலியர், கொரியர் யாருக்கும் அந்தப் படிக்கட்டில் கால் தானாகப் போகாது. அவருக்குப் போகும். இருட்டில்கூட.

சிரிப்பைக் கொஞ்சம் நிறுத்தி ஒன்று சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் 1948 ஜனவரி 31க்கு முன்பு கட்டிய கட்டடங்களின் வாடகையை வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நெடுங்காலம் பிடித்து வைத்திருந்தது. 1966ஆம் ஆண்டுச் சட்டம் அது. 1990களின் இறுதியில் அந்தப் பிடி விட்டது. வாடகை ஏறியது, பழைய குடித்தனக்காரர்களும் கைத்தொழில்காரர்களும் பெட்டியைக் கட்டினார்கள். 2008 ஜூலையில் மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. முகப்புச் சுவரைத் தொட ஆயிரம் விதி. உள்ளே வாழ்ந்தவர்களைக் காக்க அப்படி ஒன்றும் இல்லை. பாரம்பரியம் பார்க்க வருகிற கூட்டத்தில், அந்த வாழ்க்கையை நிஜமாக வாழ்ந்த ஒரே ஆள் பெரியப்பாதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அவரைப் போய் யாரும் படம் எடுப்பதில்லை.

சரி, இரவுக்கு வருவோம். படுக்கும் நேரத்தில்தான் பெரிய சிக்கல் எழும். வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது. ஜன்னல் இல்லாத அறையில் வடக்கு எது? பேரனின் கைப்பேசித் திசைகாட்டியைப் பெரியப்பா நம்ப மாட்டார். மல்லாந்து கூரையைப் பார்ப்பார். மலேசிய விடுதிகளில் வழக்கமாக ஒட்டியிருக்கிற கிப்லா அம்பு அங்கே பச்சையாக இருக்கும். முஸ்லிம் விருந்தாளிகள் தொழுகைக்குத் திரும்ப வேண்டிய திசை. நம் நாட்டிலிருந்து மக்கா மேற்கே, கொஞ்சம் வடக்குச் சாய்ந்து. "அப்படீன்னா அது மேற்கு. அப்போ இது வடக்கு. ஐயையோ, எல்லாரும் திரும்பிப் படுங்க!" கட்டில் சுவரோடு அறையப்பட்டது, நகராது. ஆகவே ஏழு பேரும் தலையணையைத் தூக்கிக்கொண்டு கால்மாட்டுக்கு வருவார்கள். ஒரு மதத்தின் அம்பைக் கொண்டு இன்னொரு மதத்தின் சாஸ்திரத்தைக் காப்பாற்றிய நிம்மதியில் பெரியப்பா விளக்கை அணைப்பார். சுவிட்ச் இப்போது தலைமாட்டில் இல்லை என்பதால் பேரன் எழுந்து போய் அணைப்பான்.

அணைத்ததும் மலாக்கா பேச ஆரம்பிக்கும். கீழே பொம்மைகளும் பிளாஸ்டிக் பூவும் வண்ண விளக்கும் சுமந்த திரிஷா ஒன்று பாட்டை அலறவிட்டுக்கொண்டு போகும். பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருமுவார். பெரியம்மா தன்னையறியாமல் "மிளகு ரசம் வெச்சுக் குடிக்கணும்" என்பார். விடியற்காலையில் எங்கோ 'கிச் கிச்' என்று ஓயாத குருவிச் சத்தம். பேரன் காடு என்று நினைப்பான். பெரியப்பா திருத்துவார்: "குருவி இல்லடா, டேப்பு. கூட்டுக்காகப் போட்டுவிடுறான்." பறவைக்கூட்டுக்காகப் பழைய கடைவீடுகளின் மேல்மாடியை உழவாரக் குருவிகளுக்கு விட்டுக்கொடுக்கிற தொழில் ஜோகூரிலும் உண்டு, மலாக்காவிலும் உண்டு. "அதுங்களுக்காச்சும் ஜன்னல் வெச்சிருக்கான்" என்று இருட்டில் யாரோ சொல்வார்கள். யார் என்று பெரியப்பா விசாரிக்க மாட்டார்.

சுவரில் இன்னொரு எச்சரிக்கை தொங்கும்: டுரியான் படத்தின் மேல் சிவப்புக் குறுக்குக்கோடு. பெரியப்பா சட்டத்தை மதிப்பவர். டுரியான் கொண்டுவர மாட்டார். செம்படாக் கொண்டுவருவார். அதற்குப் படம் இல்லை.

காலையில் ஊர் பார்ப்பது சீக்கிரம் முடிந்துவிடும். தட்டார் தெருவில், அதாவது ஜாலான் துக்காங் எமாஸில், பொய்யாத விநாயகர் கோயில். டச்சுக்காரர் காலத்தில், 1781இல், மலாக்காச் செட்டிகள் எழுப்பியது. சில அடி தள்ளி 1748இல் தொடங்கிய கம்போங் கிளிங் பள்ளிவாசல், இன்னும் தள்ளிச் சீனர்களின் செங் ஹூன் தெங் கோயில். மூன்றுக்கும் சேர்த்துப் பெரியப்பா ஒரே கருத்துத்தான் சொல்வார்: "காடி நிறுத்த இடமில்லை." பிறகு காஜா பெராங்கில் இருக்கிற கம்போங் செட்டிக்குப் போவார். நெற்றியில் திருநீறோடு ஒரு முதியவரைக் கண்டதும் ஆவலாக, "அண்ணே, சாப்பிட்டாச்சா?" என்பார். அவர் சிரித்துக்கொண்டு மலாயில் பதில் சொல்வார். தமிழ் வாணிகர்கள் மலாக்காவிலேயே மணமுடித்துத் தங்கி, தலைமுறை தலைமுறையாகச் சாமியை வைத்துக்கொண்டு மொழியை மாற்றிக்கொண்ட குடும்பங்கள் அவை. பெரியப்பா ஒரு நொடி தடுமாறுவார். அடுத்த நொடி இருவரும் மலாயிலேயே முழங்கால் வலிக்கு எந்தத் தைலம் நல்லது என்பதில் இறங்கிவிடுவார்கள். அரை மணி நேரம் ஆகும். மலாக்காவில் அவர் மிக அதிக நேரம் பார்த்த பாரம்பரியச் சின்னம் அந்த முதியவராகத்தான் இருப்பார்.

பன்னிரண்டு மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். பதினொன்றுக்கே பெரியம்மா போர்வைகளை மடித்து அடுக்கி, கட்டில் விரிப்பைச் சுருக்கம் இல்லாமல் இழுத்து, குளியலறைத் தரையைத் தள்ளிவிட்டிருப்பார். "அதுக்குத்தானே ஆள் இருக்காங்க" என்று மருமகள் சொன்னால், "வந்து பாக்குறவங்க நம்மள என்ன நினைப்பாங்க?" என்பார்.

முகப்பில் பெரியப்பா சாவியைக் கொடுத்து, முன்பணம் ஐம்பது வெள்ளியை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். பிறகு தொண்டையைச் செருமுவார். தொட்டியில் தண்ணீர் நிற்காமல் ஒழுகிக்கொண்டிருந்ததாகவும், தான் ராத்திரி ரப்பர் வளையம் போட்டுக் கட்டிச் சரிசெய்துவிட்டதாகவும், பிளம்பரைக் கூப்பிட்டிருந்தால் நாற்பது வெள்ளி ஆகியிருக்கும் என்றும், அதனால் அடுத்த முறை அறையில் பத்து வெள்ளி குறைக்க வேண்டும் என்றும் மலாயில் விவரமாகச் சொல்வார். அந்தப் பெண் ஒரு கணம் யோசித்துவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து நான்கு பொட்டலம் கோப்பித் தூளும் இரண்டு குட்டிச் சோப்பும் எடுத்து நீட்டுவாள்.

பெரியப்பா வெற்றி வீரராகக் காடிக்கு வருவார். "பார்த்தியாம்மா, வாயத் தொறந்து கேட்டாத்தான் கிடைக்கும்."

பெரியம்மா ஒன்றும் பேசாமல் கைப்பையைத் திறந்து பிடிப்பார். அறையில் இருந்த எட்டுப் பொட்டலமும், குளியலறையில் இருந்த சோப்பு அத்தனையும், எழுதிப் பார்த்து எழுதாத பேனா ஒன்றும் அதற்குள் ஏற்கெனவே இருக்கும்.