அரச பென்குயினின் அரசுரிமை: ஓர் ஆய்வு

தென்கடல் தீவுகளில் வாழும் ஒரு பறவை 'அரச பென்குயின்' என்ற பட்டத்தோடு உலவுகிறது. உயரத்தால் வந்த பட்டம் என்பார்க்கு, அதைவிட உயரமான எம்பரர் பென்குயின் இருப்பதே மறுப்பு. அரசனுக்கு உரியவையாக வள்ளுவர் ஆறு சொல்லியிருக்கிறார். அந்த அளவுகோலைத் தெற்கு ஜார்ஜியா தீவு வரை நீட்டிப் பார்ப்பதே இவ்வாய்வின் நோக்கம்.

முதலில் அரண். அத்தீவின் செயின்ட் ஆண்ட்ரூஸ் விரிகுடாவில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் இணைகள் கூடுகின்றன. ஒன்றுக்கும் கூடு கிடையாது. இடுவது ஒரே முட்டை; அதைப் பாதங்களின் மேல் ஏற்றி, வயிற்றுத் தோல் மடிப்பால் போர்த்திக்கொண்டு நிற்கும். அலகும் துடுப்புச் சிறகும் எட்டும் தூரமே நாட்டெல்லை. இமயம் வரை கொடி நாட்டிய மன்னர்களைப் படித்து வளர்ந்த நமக்கு இது சிறுத்துத் தெரியலாம். இஃது அரணாகுமோ எனின், ஆகும். என்னை? எல்லை தாண்டிய அண்டை வேந்தன் கொத்தும் அறையும் வாங்காமல் திரும்புவதில்லை ஆதலின். அரசன் தத்தித் தத்தி நகர்ந்தால் கோட்டையும் கூடவே நகரும். இந்த வசதி செஞ்சிக்கு இல்லை.

அடுத்தது கூழ். களஞ்சியம் கடலுக்குள் இருக்கிறது. முக்கிய உணவான ஒளிமீன்களுக்காக நூறு மீட்டருக்கும் கீழே மூழ்க வேண்டும். முந்நூறைத் தாண்டுவதும் உண்டு. முட்டை பொரிய ஏறத்தாழ 54 நாள் ஆகும். அரசனும் அரசியும் முறை வைத்து அடைகாக்க, காவலில் நிற்பவருக்கு வாரக்கணக்கில் பட்டினி. பட்டத்து இளவரசின் நிலை இன்னும் மோசம். குளிர்காலம் வந்ததும் பெற்றோர் எப்போதாவதுதான் எட்டிப் பார்ப்பார்கள். மாதக்கணக்கில் உண்ணாமல் நின்று, உடல் எடையில் பாதி வரை இழக்கும் குஞ்சுகள் உண்டு. அடர்ந்த பழுப்புத் தூவியில் அவை பெற்றோரின் சாயலே இல்லாமல் நிற்பதால், பழைய கடலோடிகள் அவற்றை வேறோர் இனம் என்றே எண்ணினார்கள். இளவரசு தேறிக் கடலிறங்க ஓராண்டுக்கு மேல் ஆவதால், மூன்றாண்டில் இரண்டு வாரிசுக்கு மேல் எந்த அரச குடும்பத்துக்கும் வாய்ப்பதில்லை.

அமைச்சு இல்லை. யாரும் யாரையும் கலந்தாலோசிப்பதாகத் தெரியவில்லை.

நட்பு என்ற தலைப்பில் இல்லறத்தைச் சேர்ப்பது முறையா என்ற ஐயம் எழும். சேர்த்தபின் ஏன் சேர்த்தோம் என்றும் எழும். பெரும்பாலான இணைகள் மறுபருவத்தில் வேறு துணையைத் தேடிக்கொள்கின்றன. பழைய துணை கரையேறும் வரை காத்திருந்தால் பருவம் கடந்துவிடும் என்பது அரச தரப்பு வாதமாக இருக்கலாம். குஞ்சு விஷயத்தில் மட்டும் உறவு பிசகுவதில்லை. ஆயிரக்கணக்கான தொண்டைகள் ஒருசேர அலறும் கூட்டத்திலும் குரலை வைத்தே தாயும் பிள்ளையும் சேர்ந்துவிடும்.

படைக்குச் சான்று எடின்பரோவில் கிடைக்கிறது. அங்குள்ள உயிரியல் பூங்காவின் அரச பென்குயின் ஒன்றை நார்வேயின் அரச காவல்படை 1972இல் தத்தெடுத்து, நில்ஸ் ஓலாவ் என்று பெயரிட்டுப் பதவியும் கொடுத்தது. ஒரு பறவை மறைந்தால் பெயரும் பதவியும் அடுத்த பறவைக்குச் சேரும். 2008இல் வீரத்திருத்தகை விருது, 2016இல் பிரிகேடியர், 2023இல் மேஜர் ஜெனரல். ஒரு போரும் காணாமல் இவ்வளவு உயர்ந்ததைக் குறையாகச் சொல்வோர் நம் மெய்க்கீர்த்திகளைச் சற்று நிதானமாகப் படிக்கவும்.

எஞ்சியது குடி. எல்லோரும் அரசர் என்பதால் குடிமக்களைக் காணோம்; போதை என்ற பொருளில் வேண்டுமானால் குடி உண்டு. மன்னர்கள் உண்ட மீனின் நைட்ரஜன் எச்சமாக மண்ணில் விழ, நுண்ணுயிரிகள் அதிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடை, அதாவது சிரிப்பு வாயுவை, உண்டாக்குகின்றன. தெற்கு ஜார்ஜியாவில் இதை அளந்த கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் குழு 2020இல் முடிவுகளை வெளியிட்டது. எச்சத்தின் நடுவே பல மணி நேரம் உலவினால் புத்தி பேதலித்துவிடும் என்று குழுவில் ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார். ஆகவே இந்த அரசவையில் விதூஷகன் பதவிக்கு ஆள் எடுப்பதில்லை. ஆராய்ச்சிக்கு வருபவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.