காத்தோங் வட்டாரத்தில் ஸ்டேஷன் வேகன்: ஒரு சொல்லாராய்ச்சியும் ஒரு பூட் ஆராய்ச்சியும்

“குடும்பத்துக்குத் தோதான, விலை கட்டுப்படியாகிற, தினமும் ஓட்டக்கூடிய ஒரு டீசல் ஸ்டேஷன் வேகன்” என்ற சொற்றொடர், ஜூ சியாட் சாலைக் காப்பிக்கடை ஒன்றில், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியளவில் என் மாமாவின் வாயிலிருந்து பிறந்தது. கேட்டவர்கள் நால்வர், நால்வரும் சிரித்தார்கள். சிங்கப்பூரில் ஒரு சொற்றொடரைக் கேட்டு நாலு பேர் சேர்ந்தாற்போல் சிரித்தால் அது ஒன்று நகைச்சுவையாக இருக்கவேண்டும், இல்லையேல் கார் விலையாக இருக்கவேண்டும். இரண்டில் எது என்று துணியவே இவ்வாய்வு எழுந்தது. இதற்கு நிதி நல்கிய நிறுவனம் ஏதுமில்லை. காப்பிக்காசு மாமாவுடையது.

ஆய்வெல்லை காத்தோங். தெற்கெல்லை கடல் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் 1966ல் கடலைத் தூர்க்கத் தொடங்கியதிலிருந்து அந்தக் கடல் எங்களைவிட்டுத் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. கொல்லைப்புறத்தில் அலை கேட்ட வீடுகளுக்கு முன்னால் இன்று மரின் பரேட் அடுக்குமாடிகள் நிற்கின்றன, அவற்றுக்கு அப்பால் விரைவுச்சாலை, அதற்கும் அப்பால் பூங்கா, பிறகுதான் கடல். நடந்து போய்க் கால் நனைத்த ஊரில் கடலுக்குப் போகக் கார் வேண்டும் என்றானது இப்படித்தான். மாமாவின் சொற்றொடருக்கு வரலாற்று வேர் இங்கே இருக்கிறது. மாமா இதை மறுக்கவில்லை; கேட்கவும் இல்லை.

சொற்றொடரில் முதற்சிக்கல் விலையைப் பற்றிய சொல். “கட்டுப்படியாகிற” என்பதை முன்னோர் எப்பொருளில் ஆண்டார்களோ, 1990ல் வாகன உரிமைச் சான்றிதழ் வந்த பிறகு அப்பொருள் வழக்கொழிந்தது. சிஓஇ என்று குழந்தைகளும் அறிந்த அந்தச் சான்றிதழ் ஒரு காரன்று, காரின் பகுதியுமன்று. பத்தாண்டு கார் வைத்துக்கொள்ளலாம் என்ற அனுமதி. மாதம் இருமுறை ஏலம். 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான ‘ஏ’ பிரிவில் அது 106,000 வெள்ளியைத் தொட்டது. பத்தாண்டுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 29 வெள்ளி. வண்டி கீழே கார் நிறுத்துமிடத்தில் உறங்கினாலும் 29 வெள்ளி, மாமா மேலே கட்டிலில் உறங்கினாலும் 29 வெள்ளி. காரின் விலை இனிமேல்தான் தொடங்குகிறது. சந்தை மதிப்பு 25,000 வெள்ளி உள்ள ஒரு வண்டிக்குக் கூடுதல் பதிவுக் கட்டணம் மட்டும் 27,000. முதல் 20,000க்கு முழுதாக நூறு விழுக்காடு, அடுத்த படிக்கு 140. மணப்பெண்ணைவிட மண்டபத்துக்கு அதிகம் செலவழிக்கும் சமூகத்துக்கு இந்தக் கணக்கு அந்நியமானதல்ல என்பதால் மேலே செல்கிறோம்.

“டீசல்”. ருடால்ஃப் டீசல் கண்ட எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டாம். காற்றை ஒரு சிறிய அறைக்குள் அமுக்கு அமுக்கென்று அமுக்கினால் அது சூடேறும். அந்தச் சூட்டில் எண்ணெய் பட்டதும் தானே பற்றிக்கொள்ளும். 1900ல் பாரிஸ் கண்காட்சியில் இவ்வகை எஞ்சின் ஒன்றைக் கடலை எண்ணெயிலேயே ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். பள்ளி விடுமுறையில் ஜோகூர்ப் பாலத்து நெரிசலில் ஆறு பேர் ஒரே காருக்குள் இரண்டு மணி நேரம் இருந்தவர்களுக்கு இத்தத்துவத்தை விளக்கத் தேவையில்லை. அங்கேயும் பொறி எதுவும் தேவைப்படுவதில்லை. “யார் கடைசியாப் பாத்ரூம் போனது?” என்ற ஒரு துளி போதும்.

டீசல் மலிவு என்ற நம்பிக்கை தமிழ்நாட்டிலிருந்து மூட்டையோடு வந்தது என்பது எம் கருத்து. அங்கே அது உண்மையாகவும் இருந்தது: பெட்ரோலைவிடக் குறைந்த விலை, லிட்டருக்குக் கூடுதல் தூரம், பேரம் பேச ஒரு பழைய மெக்கானிக். 1992ல் டாடா நிறுவனம் ‘எஸ்டேட்’ என்ற பெயரிலேயே 1948 சிசி டீசல் எஞ்சினோடு ஒரு வேகனை விற்றது. 2004ல் இன்டிகோ மெரினா வந்தது. இரண்டும் நல்ல வண்டிகள். இரண்டுக்கும் கூட்டம் கூடவில்லை. பின்பக்கம் நீண்ட காரைப் பார்த்ததும் நம்மவர்கள் முதலில் ஆம்புலன்ஸையும் அடுத்து ஆம்புலன்ஸுக்குப் பிந்தைய ஊர்தியையும் நினைத்துக்கொள்வதே காரணம் என்று ஊகிக்கிறேன். பெண் பார்க்கப் போகும் வீட்டு வாசலில் நிறுத்தக்கூடிய உருவமா அது?

சிங்கப்பூரில் கதை வேறு. இங்கே டீசல் காருக்குச் சாலை வரியோடு சிறப்பு வரி என்று ஒன்று தனியே உண்டு. எண்ணெய்க்கு 2017ல் லிட்டருக்கு 10 காசு வரி விதித்தார்கள். 2019ல் அது 20 காசானது. ஆகவே காத்தோங் குடும்பங்கள் பல்லாண்டு ஏறி இறங்கிய உண்மையான டீசல் கார் டாக்சிதான். சதுர முகத்து டொயோட்டா கிரௌன் கம்ஃபர்ட்டின் எஞ்சின் கடகடப்பைப் படுக்கையறையிலிருந்தே கேட்டு “வந்துட்டான், இறங்குங்க” என்று கட்டளையிட்ட தாய்மார்கள் இன்னும் இருக்கிறார்கள். அதன் பூட் அகலமானது. பின்னாளில் இயற்கை எரிவாயு டாக்சிகள் வந்தபோது பூட்டுக்குள் ஓர் உருளை குறுக்கே படுத்திருந்தது. தேக்காச் சந்தையிலிருந்து வாழைத்தாரோடு திரும்பியவர்கள் அவ்வுருளையைப் பற்றிச் சொன்னவை ஆய்வேட்டில் இடம்பெறத் தக்கவையல்ல.

இனி “ஸ்டேஷன் வேகன்”. இது காரணப்பெயர். அமெரிக்காவில் ரயில் நிலையத்தில் இறங்கியவர்களையும் அவர்கள் பெட்டிகளையும் விடுதிக்கு ஏற்றிப்போன வண்டி. அதனால் ஸ்டேஷன் வேகன். பிரிட்டிஷார் இதையே எஸ்டேட் கார் என்றார்கள். அவர்களுக்கு எஸ்டேட் என்றால் வேட்டைக்காடும் மாளிகையும். மலாயாத் தமிழருக்கு எஸ்டேட் என்றால் ரப்பர் மரம், பால் வாளி, விடிகாலைப் பெரட்டு. எஸ்டேட் கார் என்று எம் பெரியப்பாவிடம் சொன்னபோது, “அது துரை கார், நமக்கெதுக்கு?” என்று முடித்துவிட்டார். பிரெஞ்சுக்காரர்கள் அதே வண்டியை ‘ப்ரேக்’ என்பார்கள். ஓடுகிற ஒரு பொருளுக்கு, நம் காதுக்கு நிறுத்துவதாகப் படும் பெயரை வைத்த அம்மக்களின் காரைத்தான் 2015ல் மாமா வாங்கினார் என்பதைக் குறிக்கவேண்டும்: 1.5 லிட்டர் டீசல் எஞ்சின், ஏழு இருக்கை, ரெனோ கிராண்ட் சீனிக். இது வேகனே அன்று, எம்பிவி என்னும் வேறு இனம் என்பார் உளர். மாமாவின் மறுப்பு சுருக்கமானது: “பின்கதவு மேல திறந்தா வேகன், பக்கத்துல திறந்தா வேன். முடிஞ்சுது லா.” இதைவிடத் தெளிந்த வரையறை எமக்குக் கிட்டவில்லை. அந்த 1461 சிசி எஞ்சின் குடும்பம்தான் சென்னை ஒரகடத்தில் உருவான டஸ்டர் டீசலிலும் இருந்தது என்று அறிந்த நாள்முதல் அதை அவர் ‘நம்ம ஊர் எஞ்சின்’ என்றே அழைத்தார்.

ஆய்வின் மையம் பூட். தமிழ்நாட்டார் டிக்கி என்பதை நாங்கள் பூட் என்போம். ஜெர்மானியர் இதன் கொள்ளளவை 200க்கு 100க்கு 50 மில்லிமீட்டர் கட்டைகளை அடுக்கி அளக்கிறார்கள். ஒரு கட்டை ஒரு லிட்டர். நேர்த்தியான முறைதான், ஆனால் கட்டைகளைக் கொண்டு யாரும் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குப் போவதில்லை. காத்தோங் அளவைகள் வேறு: ஐஸ்பெட்டி ஒன்று, கரிமூட்டை ஒன்று, மடக்கு நாற்காலி மூன்று, மசாலாவில் ஊறும் கோழி இருக்கும் மூடி சரியாகப் பொருந்தாத பாத்திரம் ஒன்று, தேவைப்படாது என்று எல்லாரும் சொல்லியும் அம்மம்மா எடுத்துவைத்த பாய் ஒன்று. பாய் தேவைப்படும். எப்போதும்.

அம்மம்மா யாழ்ப்பாணத்து வழி. இலங்கைத் தமிழர் ஒருவர் 1850களில் செண்பக மரத்தடியில் தொடங்கிவைத்த ஸ்ரீ செண்பக விநாயகர் கோவிலுக்குச் சிலோன் சாலை வழியே வெள்ளிதோறும் போகிறவர். வீட்டிலிருந்து நடை பத்து நிமிடம், காரில் ஏற்றி இறக்கப் பதினைந்து. அர்ச்சனைத்தட்டு, தேங்காய், பூ, மோதகத் தூக்குச்சட்டி, குடை. பூட் போதுமா என்று ஒருமுறை கேட்டேன். “பூட் போதுமோ எண்டு கேக்காதை பிள்ளை. என்னத்தை விட்டிட்டு வந்தனாங்கள் எண்டு கேள்” என்றார். இக்கூற்றிலிருந்து ஒரு விதி பெறப்படுகிறது: பூட்டின் அளவு வண்டியைப் பொறுத்ததன்று, வண்டி புறப்படத் தாமதமாகும் நேரத்தைப் பொறுத்தது. மாமா சாவியைத் தேடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு பை கூடும்.

வேகனுக்கும் சலூன் காருக்கும் உள்ள வேற்றுமையை நீளத்தில் தேடியவர்கள் தவறினார்கள். வேற்றுமை சுவரில் இருக்கிறது. சலூன் காரில் பூட் தனியறை. வேகனில் பூட் கூடத்தின் தொடர்ச்சி. இதற்குச் சான்று டுரியான். ரயிலில் டுரியானுக்கு அனுமதியில்லை என்பதால் கேலாங்கிலிருந்து வீடு வரை அதைக் கொண்டுவரும் பொறுப்பு காரின்மேல் விழுகிறது. சலூன் காரில் பழம் தனியே பயணம் செய்யும். வேகனில் அது குடும்பத்தில் ஒருவர். திங்கட்கிழமை அலுவலகத்துக்கு அதே காரில் போன மாமாவை, மின்தூக்கியில் கூட நின்றவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்களாம். மாமா தன் புதுச் சட்டையைத்தான் பார்க்கிறார்கள் என்று எண்ணியிருக்கிறார்.

மாறாக, மழையில் வேகனுக்கு நிகரில்லை. பின்கதவை உயர்த்தினால் கூரை. கூன் செங் சாலையில் வண்ண வீடுகளைப் படமெடுக்க வந்து மழையில் மாட்டிக்கொண்ட சுற்றுப்பயணிகள் மூவர், மாமாவின் பின்கதவின் கீழ் ஒதுங்கி நின்றதை நேரில் கண்டேன். அவர்கள் படத்தில் விழாத ஒரே அழகு அந்தக் கார்தான்.

இனிச் சொல்லாராய்ச்சிக்குத் திரும்ப வேண்டும், ஒன்றை வேண்டுமென்றே விட்டுவைத்தேன். ஸ்டேஷன் இல்லாத ஊரில் ஸ்டேஷன் வேகன் எப்படிக் காரணப்பெயராகும்? காத்தோங் என்ற பெயரைத் தாங்கிய ரயில் நிலையம் நெடுங்காலம் கிடையாது. ஆகவே மாமா ஸ்டேஷன் வேகன் என்று சொன்னபோதெல்லாம் அது வெறும் இடுகுறி. 2024 ஜூன் 23ஆம் நாள் தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் பாதையில் காத்தோங் பார்க், தஞ்சோங் காத்தோங் என ஒன்றுக்கு இரண்டாக நிலையங்கள் திறந்தன. சொல்லுக்குப் பொருள் வந்து சேர்ந்தது. ஆனால் 2025 ஜனவரி முதல் நாளிலிருந்து புதிய டீசல் கார் எதையும் பதிவதில்லை என்று நிலப் போக்குவரத்து ஆணையம் 2021லேயே சொல்லியிருந்தது. எண்ணிப் பார்த்தேன். ஜூன் 23 முதல் டிசம்பர் 31 வரை, இரு முனை நாள்களையும் சேர்த்து 192 நாள். காத்தோங்கில் ஒருவர் புத்தம்புதிய டீசல் ஸ்டேஷன் வேகனைப் பதிவு செய்து, அப்பெயருக்கு இலக்கணப்படி ஒரு ஸ்டேஷனையும் காட்டக்கூடியதாக இருந்த காலம் மொத்தமே அவ்வளவுதான். மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் காப்பியை இரண்டு முறை ஆற்றினார்.

அவருடைய சான்றிதழ் 2025ல் முடிந்தது. புதுப்பிக்கலாமா என்று மூன்று ஞாயிறு பேசினார். நாலாவது ஞாயிறு பேசவில்லை. அடுத்த வாரம் நாங்கள் அம்மம்மாவை முதன்முறையாகத் தஞ்சோங் காத்தோங் நிலையத்துக்குக் கூட்டிப்போனோம். தூக்குச்சட்டி ஒன்று, குடை இரண்டு, பை மூன்று, பாய். நகரும் படியில் தயங்கினார், மின்தூக்கியில் இறங்கினோம். ரயில் வந்து நின்றது, கதவு திறந்தது. உள்ளே ஏறி, நின்ற இடத்திலிருந்தே பெட்டியின் இரு கோடியையும் ஒருமுறை நோட்டம் விட்டார்.

“இதுக்கு பூட் எங்கை?”