தூண்டில் புழுக்கள்

1914 செப்டம்பர் 22 என்றால் நமக்கு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன்தான். அன்றிரவு அது சுட்ட குண்டில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. தமிழுக்கு ஒரு புதுச் சொல்லும் கிடைத்தது. அதே நாள் விடிகாலையில் ஹாலந்துக் கரைக்கு அப்பால் நடந்ததற்கு ஏனோ நாம் சொல் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை.

அபூகிர், ஹோக், கிரெஸ்ஸி. விக்டோரியா ராணியின் கடைசிக் காலத்து பிரிட்டிஷ் குரூசர் போர்க்கப்பல்கள். ஆளுக்கு 12,000 டன். பக்கவாட்டில் ஆறு அங்குல எஃகுக் கவசம். எதிரி பண்பாளன், பீரங்கியால் மட்டுமே சுடுவான் என்று வரைபடம் போட்ட கனவான்களுக்கு அபார நம்பிக்கை! கவசத்துக்குக் கீழே, இரு பக்கமும் நீளவாக்கில் நிலக்கரி அறைகள். ஒரு பக்கம் ஓட்டை விழுந்தால் அந்தப் பக்கமே நீர் நிறையும். கப்பல் சாயும், கவிழும். கவிழ்வதற்கென்றே கட்டியிருந்தாலும் இதைவிட நேர்த்தியாகக் கட்டியிருக்க முடியாது.

இந்தக் கிழங்களில் ஏற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் திரும்ப அழைக்கப்பட்ட ரிசர்வ் ஆட்கள், பிள்ளைகுட்டிக்காரர்கள். கூடவே டார்ட்மவுத் கடற்படைப் பள்ளியின் மீசை முளைக்காத மாணவர்கள். சொந்தக் கடற்படையே இவற்றுக்கு வைத்த செல்லப்பெயர், 'உயிருள்ள தூண்டில் இரை'. கடற்படை அமைச்சர் சர்ச்சிலும் செப்டம்பர் 18 அன்றே, இவற்றை அங்கிருந்து விலக்குங்கள் என்று குறிப்பு எழுதினார். எழுதினார், அவ்வளவுதான். கோப்புக்கு என்ன அவசரம், அதற்கு நீந்தத் தெரிய வேண்டுமா?

மோசமான வானிலையில் காவல் டெஸ்ட்ராயர்கள் துறைமுகம் திரும்பிவிட்டன. மூன்று குரூசர்களும் சுமார் 10 நாட் வேகத்தில், வளையாமல் நெளியாமல், மாப்பிள்ளை ஊர்வலம் போல நேராகப் போயின. ஓட்டோ வெடிகனின் யு-9 என்ற ஒற்றை ஜெர்மன் நீர்மூழ்கி முதலில் அபூகிரை அடித்தது. கண்ணிவெடி என்று எண்ணி, தோழர்களைத் தூக்க ஹோக் நின்றது; அடி. கிரெஸ்ஸி நின்றது, அடி. சுமார் ஒன்றரை மணி நேரத்தில் மூன்றும் முடிந்தன. மாண்டவர்கள் 1,459 பேர். பிழைத்த 837 பேரை அள்ளியெடுத்தவை டச்சு வணிகக் கப்பல்களும் மீன்பிடிக் கப்பல்களும்.

விசாரணை நடந்தது. கடலில் இருந்த அதிகாரிகளோடு கடற்படைத் தலைமையகமான அட்மிரால்டியின் மீதும் பழி விழுந்தது. மேசைக்குப் பழி வலிக்குமா? பிறகு ஞானமும் பிறந்தது: இனி முங்குகிறவனைத் தூக்கப் பெரிய கப்பல் எதுவும் நிற்கக் கூடாதாம்! அனுப்பியது குற்றமில்லை, கை கொடுத்ததுதான் குற்றம்.

சூழ்ச்சிக்காரனை எம்டன் என்கிறோம். ஆபத்து தெரிந்தும் ஆளை அனுப்பிவிட்டுக் கோப்பை மூடுகிறவனை 'அட்மிரால்டி' என்று வைதிருக்க வேண்டும். அந்த வசவுக்கு எந்த ஊரிலும் வேலை இருந்திருக்கும்.