மூக்கு உத்தியோகத்தர் பதவிக்கு ஒரு விண்ணப்பம்

பணிப்பாளர் நாயகம்,
மத்திய சுற்றாடல் அதிகாரசபை,
பத்தரமுல்ல.

விடயம்: கண்டி மாநகருக்கு மூக்கு உத்தியோகத்தர் ஒருவரை நியமித்தல்

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

இப்படியொரு பதவிக்குத் தாங்கள் விளம்பரம் எதுவும் செய்யவில்லை. ஆனாலும் வெற்றிடம் இருக்கிறது. மீதொட்டமுல்லைக் குப்பைமலை 2017 ஏப்ரலில் சரிந்து 32 உயிர்களைக் குடித்தது. அதே வருடம் செப்டெம்பர் முதலாம் திகதியிலிருந்து பிளாஸ்டிக்கையும் பொலித்தீனையும் திறந்த வெளியில் எரிப்பது குற்றம் என்று வர்த்தமானி சொல்கிறது. சட்டத்தின் எழுத்தில் குறையே இல்லை. புகைக்குத்தான் வர்த்தமானி வாசிக்கும் பழக்கம் இல்லை.

கண்டி நகரம் ஹந்தானைக்கும் உடவத்தகலைக்கும் பஹிரவகந்தைக்கும் நடுவே பள்ளத்தில் இருக்கிறது. குளிர்ந்த இரவுகளில் கனத்த காற்று கீழே தங்கிவிடும், சூடான காற்று மேலே நின்று வழியை அடைக்கும். நாங்கள் விடும் புகையை நாங்களே திரும்ப இழுக்கிறோம். இத்தகைய ஊரில் பயின்ற மூக்கின் தகைமைகளைச் சமர்ப்பிக்கிறேன்.

தகைமை 1: அடுப்பு. தோட்டத்து லயங்களில் விடியற்காலை மெழுகுதிரி அணைந்த வாசம் வந்தால், பூசை நடக்கிறது என்று ஏமாறமாட்டேன். ஈர விறகு பிடிப்பதற்கு யாரோ சொப்பிங் பேக்கைச் சுருட்டிக் கொளுத்தியிருக்கிறார்கள். கண்ணைக் கரிக்கும் ஆவியும் நுண்கரியும் முதலில் போய்ச் சேர்வது, குனிந்து அடுப்பூதும் அக்காவின் நெஞ்சுக்கும் அவர் சேலையைப் பிடித்து நிற்கும் பிள்ளையின் நெஞ்சுக்கும்தான். சட்டம் திறந்த வெளியைச் சொல்கிறது. அக்காவின் குசினிக்குக் கதவு இருக்கிறது. லொறி ஏறிவராத மேட்டில் குப்பை சேகரிக்கும் வேலையையும் அந்த அடுப்பேதான் பார்க்கிறது.

தகைமை 2: பைப் பாஸ். பீவீசீ குழாயின் வாயை விரிப்பதற்காகக் கடதாசித் தீயில் காட்டுகிறார். தொண்டை சுருக்கென்றால் அது ஹைட்ரஜன் குளோரைட்டு என்று எழுதிக்கொள்வேன். பீவீசீயின் நிறையில் பாதிக்கு மேல் குளோரின். அந்த வாயு ஈரத்தில் பட்டால் அமிலமாகும். கண்ணிலும் சுவாசப்பையிலும் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. “80 பாகை செல்சியஸ் தாண்டினாலே குழாய் இளகிவிடுமே பாஸ், கொதிநீர் போதுமே, கருக்குவானேன்? இல்லாட்டி ஒரு சொக்கட் போட்டு ஒட்டலாமே” என்றேன். “சொக்கட் காசு நீங்க தருவீங்களா சேர்?” என்றார். இந்தக் கேள்வியைத் தங்கள் மேலான கவனத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

தகைமை 3: மணவறை. கல்யாண சீசனில் அலங்காரக் கடைகளின் பின்னறைகளில் சுடுகம்பியால் ரெஜிபோம் வெட்டுவார்கள். மெல்லிய இனிப்பு வாசம் வரும். அதுதான் ஸ்டைரீன். மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2018இல் அதை ஒரு படி மேலே ஏற்றி வைத்தது. கம்பி சிவக்கக் கூடாது. சிவந்தால் வெட்டுவதை விட எரிப்பதே அதிகம். காற்றாடி புகையை வெளியே இழுக்க வேண்டும். இங்கேயோ அது வெட்டும் தம்பியின் முதுகுப்புறம் நின்று எல்லாவற்றையும் அறைக்குள்ளேயே சுற்றுகிறது. “மாஸ்க் போட்டிருக்கேன் அண்ணே” என்று நாடியைக் காட்டினார். கொரோனா காலத்துத் துணி மாஸ்க் அங்கேதான் தொங்கியது. மூக்கிலேயே இருந்தாலும் துணி எந்த வாயுவையும் மறிக்காது. அதற்குக் கரி வடிகட்டி பூட்டிய முகமூடி வேண்டும்.

தகைமை 4: பழைய வயர். செம்பு எடுப்பதற்காக வயர்க்கட்டை இரவில் கொளுத்துகிறார்கள். உறையில் குளோரின், உள்ளே அதைத் தூண்டிவிடும் செம்பு. டயொக்சின் என்ற நஞ்சு பிறக்க வேறென்ன வேண்டும்? 2001ஆம் ஆண்டின் ஸ்டொக்ஹோம் சமவாயம் அந்த நஞ்சு பிறக்கும் வழிகளில் ஒன்றாகச் செப்பு வயர் எரிப்பதைப் பெயர் சொல்லியே பட்டியலிட்டிருக்கிறது.

இந்த இடத்தில்தான் என் விண்ணப்பம் ஆட்டம் காண்கிறது. உடலைக் கெடுக்கப் போதுமான டயொக்சின் மூக்குக்குத் தெரியாது. காபன் மொனொக்சைட்டுக்கு மணமே கிடையாது. மணக்கிற ஸ்டைரீன்கூடச் சில நிமிடங்களில் மூக்குக்குப் பழகிவிடும். “இப்ப வாசம் போயிட்டுது” என்று தம்பி சொல்லும்போது போயிருப்பது வாசம் அல்ல, அவருடைய மூக்கு. கடமை நேரத்தில் தூங்கும் உத்தியோகத்தருக்கு அரச சேவையில் இடமிருக்கும் என்ற நம்பிக்கையில்தான் விண்ணப்பிக்கிறேன்.

தாங்கள் அளக்கும் வெளிக்காற்று எந்தப் பின்னறைக்குள்ளும் இல்லை. பின்னறை தொழில் திணைக்களத்துக்கு, அதுவும் 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி. குப்பை மாநகரசபைக்கு, அந்தக் குப்பையோ பல தசாப்தங்களாக மகாவலிக் கரையில் கொஹாகொடையில் மலையாகிக்கொண்டிருக்கிறது. வானம் தங்களுக்கு. மூன்று எல்லைகளையும் ஒரே மூச்சில் கடப்பது தம்பி ஒருவர்தான்.

சம்பளம் வேண்டாம். அதற்குப் பதிலாக மூன்று காரியம் போதும். மேட்டு லயத்துக்கும் கிழமைக்கு ஒரு தடவை பொலித்தீன் எடுக்க வண்டி வரட்டும். ரெஜிபோம் வெட்டும் அறைகளுக்கு வெளியே இழுக்கும் காற்றாடி கட்டாயமாகட்டும். வாங்கக் கடனும் கிடைக்கட்டும். குழாய் விற்கும் ஹாட்வெயார்களில் ‘தீயில் காட்டாதே’ என்ற பலகை மூன்று மொழியிலும், பைப் பாஸ் வாசிக்கக்கூடிய எழுத்தில், தொங்கட்டும்.

மூக்கை நம்பி யாரையும் வேலைக்கு வைக்க முடியாது என்று காரணம் காட்டி இதை நிராகரிப்பீர்களாயின் எனக்கு வருத்தமில்லை. அந்த நிராகரிப்புக் கடிதத்தின் பிரதியை மட்டும் கண்டியிலுள்ள பட்டறை ஒவ்வொன்றுக்கும் அனுப்பிவையுங்கள். அங்கே எல்லாரையும் அப்படித்தான் வேலைக்கு வைத்திருக்கிறார்கள்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிவுள்ள,
கண்டி வாசி