ஊசி, ரத்தம், உதறல்: கேள்வி-பதில்

ரத்தத்தைப் பார்த்தாலே எனக்கு மயக்கம் வருகிறது. நோய் ஏதும் தொற்றிவிடுமா?
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

விழுகிற இடம் சிமெண்ட் தரையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பார்ப்பதால் எதுவும் தொற்றாது. காயமில்லாத தோலில் பட்டாலும் தொற்றாது, கழுவினால் போதும். வெட்டு, கீறல், கண், வாய் இவைதான் கிருமி நுழையும் வாசல்கள்.

எங்கள் லேபில் எச்.ஐ.வி. நோயாளியின் ரத்தம் என்றால் எல்லோரும் நடுங்குகிறோம். நியாயம்தானே?
– ஆய்வகப் பணியாளர், கோவை

பாதி நியாயம். எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி உங்களைக் குத்தினால், தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் 3. ஹெபடைடிஸ் பி உள்ளவரின் ஊசி என்றால், தடுப்பூசி போடாதவருக்கு நூற்றில் 6 முதல் 30 வரை. மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும் அந்தக் கிருமி, காய்ந்த ரத்தத்திலும் ஒரு வாரம் உயிரோடு இருக்கும். எச்.ஐ.வி. என்றதும் பத்தடி தள்ளி நிற்கிற நாம், மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லி பறிக்கக் கிளம்பிவிடுகிறோம்!

பி-க்குத் தடுப்பூசி உண்டு: முதல் ஊசி, அடுத்த மாதம் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. ரத்தம் வழியே பரவும் ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசி கிடையாது, ஆனால் இப்போதுள்ள மாத்திரைகளில் பெரும்பாலோர் குணமாகிவிடுகிறார்கள். முதலில் உங்கள் மூன்று ஊசிக் கணக்கைச் சரிபாருங்கள். நடுங்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

குப்பை பிரிக்கும்போது ஊசி குத்திவிட்டது. விரலை வாயில் வைத்துச் சப்பித் துப்பிவிட்டேன். போதுமா அய்யா?
– தூய்மைப் பணியாளர், மதுரை

இனி ஒருபோதும் வாயில் வைக்காதீர்கள் அம்மா. விரலில் இருந்ததை வாய்க்குள் அழைத்துப்போன மாதிரி ஆகிவிடும். பிதுக்கவும் வேண்டாம், பிளீச்சிங் தண்ணீரில் முக்கவும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, நேரே அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய் "குப்பையில் கிடந்த ஊசி குத்திவிட்டது" என்று சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவையா என்று டாக்டர் முடிவு செய்வார். தேவையென்றால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது உத்தமம், 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. தொடங்கினால் 28 நாளும் விடாமல் சாப்பிட வேண்டும். ஹெபடைடிஸ் பி ஊசியையும் அப்போதே கேட்டு வாங்குங்கள். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அங்கேயே நம்பிக்கை மையம் இருக்கும், காசு கிடையாது. 'மேஸ்திரி திட்டுவார், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்' என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

தினமும் இன்சுலின் போடுகிறேன். ஊசிக்கு மூடி மாட்டித்தான் குப்பையில் போடுகிறேன். எனக்குத் தொற்று நோய் எதுவும் இல்லையே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

உங்களுக்கு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும் சார். மேலே மதுரையிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்குத் தெரியாதே! குத்தியது யாருடைய ஊசி என்று தெரியாமல் மாதக்கணக்கில் பரிசோதனைக்கு அலைவது அவர்தான். மூடி, குப்பை வண்டியில் நசுங்கும்போது கழன்றுவிடும். அதைத் திரும்ப மாட்டும்போது உங்கள் விரலிலும் ஏறலாம். காலியான பினாயில் கேன் போலத் தடித்த பிளாஸ்டிக் ஒன்றை எடுத்து, மேலே 'ஊசி' என்று கொட்டை எழுத்தில் எழுதுங்கள். முக்கால் பங்கு நிறைந்ததும் மூடி, டேப் ஒட்டி, குப்பை வாங்க வருபவரிடம் சொல்லித் தனியாகக் கொடுங்கள். மெல்லிய தண்ணீர் பாட்டில் உதவாது, ஊசி துளைத்துக்கொண்டு வந்துவிடும்.

கொசு கடித்தால் எய்ட்ஸ் வருமா?
– விருதுநகர் வாசகர்

வராது. டெங்கு வரும். போதாதா?

வீட்டில் அடிபட்டு ரத்தம் கொட்டினால் பினாயில் ஊற்றித் துடைக்கலாமா?
– இல்லத்தரசி, திருநெல்வேலி

பினாயிலை நம்பி இதில் இறங்காதீர்கள். கையுறை போட்டு, பழைய துணியால் ரத்தத்தை மூடி, அதன்மேல் ஹைப்போகுளோரைட் கரைசலை ஊற்றிக் கால் மணி நேரமாவது விடுங்கள். கடையில் வாங்கியது 5 சதவீதம் என்றால் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர். உடைந்த கண்ணாடி கிடந்தால் அட்டையால் வாருங்கள், கையால் வேண்டாம். பளபளப்புக்காகக் கழிப்பறை ஆசிட்டையும் சேர்த்து ஊற்றினீர்களோ, குளோரின் வாயு கிளம்பும். அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது அடிபட்டவர் மட்டுமல்ல.

சலூனில் புது பிளேடு போடச் சொன்னால் கடைக்காரர் கோபிப்பாரோ?
– திருச்சி வாசகர்

கோபிக்கட்டும். கத்தி கழுத்துக்கு வருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஊசி போடும் இடத்திலும் இதே கதைதான்: உங்கள் கண் எதிரே உறை பிரியட்டும். 2009-இல் குஜராத்தின் மோடாசாவில் ஹெபடைடிஸ் பி பரவிப் பலர் இறந்தது, ஒருமுறை போட்ட ஊசியையே மறுபடி போட்டதால்தான்.

எங்கள் வார்டு தூய்மைப் பணியாளர்களுக்குக் கையுறை வழங்கும் விழா நடத்துகிறேன். வேறு என்ன செய்யலாம்?
– கவுன்சிலர், சென்னை

மெல்லிய ரப்பர் கையுறை ரத்தத்தைத் தடுக்கும், ஊசியைத் தடுக்காது. தடித்த கையுறையாக வாங்குங்கள். கூடவே எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட ஏற்பாடு செய்யுங்கள். முதல் ஊசி அன்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஆறாம் மாதம் மூன்றாவது ஊசிக்கும் வந்து நில்லுங்கள்.