பதினோராம் வசனத்துக்கு முன்னால் பத்து இருக்கிறது

விடியமுன் வட்ஸ்அப்பில் வந்து விழுகிற அந்த ரோசாப்பூவை இனியும் என்னால் பொறுக்க முடியாது. பூவின் மேல் பனித்துளி, பனித்துளியின் மேல் எரேமியா 29:11, அடியில் கூப்பிய கைகள். தலைமன்னாரிலிருந்து வங்காலை வரை அதே பூ, அதே வசனம். நேற்று ஓட்டோ ஒன்றின் முதுகிலும் அதுவே. வேதத்தை ஆழமாகப் படிக்கும் பழக்கத்துக்கு ஐந்து வழிகள் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். முதல் வழிக்குப் போகமுன் இந்தப் பூவை ஒரு கை பார்த்துவிடுகிறேன்.

கடவுள் நம் நன்மைக்காகவே திட்டம் வைத்திருக்கிறார், எதிர்காலம் உண்டு என்பது பதினோராம் வசனத்தின் சாரம். சோதனை எழுதும் பிள்ளைக்கும் கனடா விசாவுக்குக் காத்திருக்கும் மருமகனுக்கும் இதைத்தான் அனுப்புகிறோம். ஆனால் அதற்கு ஒரு வரி மேலே, பத்தாம் வசனத்தில், அந்த நன்மை வர எழுபது ஆண்டுகள் ஆகும் என்று இருக்கிறது. மருமகனுக்கு இதை யார் சொல்வது? இது பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் பேசுங்கள், சிறைபிடித்தவனின் நகரம் நன்றாயிருக்க மன்றாடுங்கள் என்கிறது. சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று சொல்கிற தீர்க்கதரிசிகளை நம்பாதீர்கள் என்றும் எச்சரிக்கிறது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்பவர் இரண்டே ஆண்டில் எல்லாம் சரியாகிவிடும் என்று அறிவித்து, சனங்களை மகிழ்வித்து, அதே ஆண்டில் செத்தும் போகிறார். ஆக, அனனியாவினதைப் போன்ற வாக்குகளை மறுக்கும் கடிதத்திலிருந்து ஒரு வரியை அறுத்தெடுத்து, அதை அனனியாவின் வாக்காகவே ஊருக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். கீழே போனால் அழுகிய அத்திப்பழம் வரும். பாபிலோன் மன்னன் நெருப்பில் வாட்டிய இரண்டு கள்ளத் தீர்க்கதரிசிகள் வருவார்கள். அவர்களுக்குப் பூப்போட இதுவரை ஒருவரும் முன்வரவில்லை.

மன்னாரில் இந்தக் கடிதத்துக்கு விளக்கவுரையே தேவையில்லை என்பதுதான் எரிச்சலை மூட்டுகிறது. இடம்பெயர்வு என்றால் என்ன என்று இந்தக் கரையில் யாரும் அகராதி பார்ப்பதில்லை. 1990 ஒக்டோபரில் இங்கிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பலர் புத்தளம் பக்கம் கொட்டில் போட்டார்கள், பிறகு வீடு கட்டினார்கள், பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தார்கள். நாளைக்குத் திரும்பிவிடலாம் என்ற பேச்சு ஆண்டுக்கணக்கில் ஓடியது. ஐந்தாம் ஆறாம் வசனங்களை அப்படியே வாழ்ந்து பார்த்த மாவட்டம் இது. இங்கே அந்தக் கடிதத்தை முழுதாய் வாசிக்க வேறு எந்த ஊரையும்விடத் தகுதியிருக்க, கிடைப்பது பனித்துளி.

ஒன்றுமில்லாததற்கு ஒரு வசனமாவது மேல் அல்லவா, கடலுக்குப் போகிறவனுக்கு நேரம் ஏது என்பார்கள். தவக்காலத்தில் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளின் வியாகுலப் பிரசங்கத்தை இராகம் இழுத்து வாசிக்க, இருந்து கேட்கிற சனம் இது. நேரம் இருக்கிறது. வசன எண்ணுக்குள்ளேயே ஏதோ பரிசுத்தம் இருப்பதுபோல நடந்துகொள்வதும் வேண்டாம்: புதிய ஏற்பாட்டுக்கு இன்றைய எண்களைப் போட்டவர் றொபேர் எஸ்தியன் என்ற பிரெஞ்சு அச்சகர், 1551இல். குதிரைப் பயணத்தின்போது செய்த வேலை என்று அவருடைய மகனே எழுதிவைத்திருக்கிறார். மன்னார்க் கழுதையில் ஏறியிருந்தால் நமக்கு இன்னும் சின்னச் சின்ன வசனங்களாகக் கிடைத்திருக்கும். பூவில் எழுத வசதி.

இன்னும் கனமான மறுப்பு ஒன்று உண்டு. 1544இல் சங்கிலி மன்னனின் ஆணையால் இங்கே கொல்லப்பட்ட வேதசாட்சிகள், 600 பேருக்கு மேல் என்பது மரபு, எந்த வேதத்தைப் படித்தார்கள்? படிக்கவில்லைதான். தமிழில் புதிய ஏற்பாடு முழுதாக அச்சேறியது தரங்கம்பாடியில், 1715இல். ஆனால் சவேரியார் காலத்தில் இந்தக் கரைகளில் கற்பித்த விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கட்டளைகளையும் மனப்பாடம் செய்தவர்கள் முழுதாகத்தான் செய்தார்கள். கட்டளைகளில் தமக்குப் பிடித்த ஏழாவதை மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. கையில் புத்தகமில்லாதவர்களை, சட்டைப்பையில் எழுபத்து மூன்று புத்தகத்தோடு திரிகிறவர்கள் சாட்சிக்கு அழைப்பது கொஞ்சம் கூச்சமில்லாத வேலை.

இவ்வளவும் எழுதுகிற ஆளுக்கு லேவியர் ஆகமத்தைத் தாண்டத் தெரியுமா என்று கேட்பார்கள். தெரியாது. தெரியாததை நான் விடியற்காலையில் நாலு பேருக்கு அனுப்புவதுமில்லை. ஐந்து வழிகளுக்கு இனி இடம் போதாது. அதிகாரத்தைத் திறந்து முதல் வசனத்திலிருந்து வாசித்தால் அவற்றுக்குத் தேவையும் இராது. கடிதம் பிடிக்காத செமாயா என்பவர், எரேமியாவைப் போன்ற பைத்தியங்களைத் தொழுவில் மாட்டாமல் ஏன் விட்டுவைத்திருக்கிறீர்கள் என்று எருசலேமுக்கு மனு எழுதியது அங்கே 26ஆம் வசனத்தில் இருக்கிறது. குழுவிலிருந்து என்னை நீக்கச் சொல்லி எழுத இருப்பவர்கள் வாசகத்தை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.